நிலம் முதலில் பறிபோவது அடங்கலில்

விவசாய நிலத்துக்காகப் போராடுகிறவர்கள் என்றதும் கண்முன் வருவது பந்தலும் பச்சைத் துண்டும்தான். 2017-ல் நெடுவாசலில் பார்த்தோம், பரந்தூரில் ஆண்டுக்கணக்காகப் பார்த்து வருகிறோம். பந்தலைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஆனால் ஓர் ஊரில் பந்தல்கால் நடுகிற நாளில், அந்த ஊர் நிலத்தைப் பற்றிய காகிதங்களில் பாதி ஏற்கெனவே மாறிப்போயிருக்கும். அதைப் பற்றிப் பேச ஆளில்லை. கேமராவுக்கு அடங்கல் என்ற பயிர்க் கணக்கு எடுப்பாக இருக்காது, அவ்வளவுதான்.

அடங்கல் என்பது பசலிக்கொரு முறை, அதாவது ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை, எந்தப் புல எண்ணில் எந்த உட்பிரிவில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, தண்ணீர் எங்கிருந்து என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு. வயலில் இறங்கிப் பார்த்து எழுத வேண்டியது. பல ஊர்களில் போன வருடக் கணக்கைப் பார்த்துத்தான் இந்த வருடக் கணக்கு எழுதப்படுகிறது. ஒருமுறை 'தரிசு' என்று விழுந்தால் அடுத்த வருடமும் தரிசுதான்; நீங்கள் குறுவை அறுத்து, சம்பா நட்டு, உளுந்து தெளித்திருந்தாலும் சரி. கூட்டுறவுக் கடனுக்கும் நேரடி கொள்முதல் நிலையத்துக்கும் வாங்கிய சான்றில் நெல் என்று இருக்கிறதே, கணக்கிலும் நெல்லாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். கையில் வாங்கிய தாளும் கணினியில் ஏறிய அடங்கலும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் ஊருக்கு இரண்டு பேர் இருந்தாலே அதிசயம்.

தொழிற்பூங்காவுக்கோ சாலைக்கோ நிலம் தேடும்போதுதான் அந்த ஒரு வார்த்தையின் விலை தெரியும். தேடுகிறவர்கள் முதலில் திறப்பது கணக்கை; வயலுக்கு வருவது பிறகு. 'பெரும்பாலும் தரிசு' என்று கோப்பில் ஒரு வரி ஏறிவிட்டால், தொலைக்காட்சி விவாதம் வரைக்கும் அந்த வரிதான் பேசும்.

பொய்க் கணக்கால் மட்டும் நிலம் தரிசாவதில்லை. நிஜமாகவே தரிசாக்கவும் வழி இருக்கிறது. அது ஏரிக்குள் தொடங்குகிறது.

வண்டல் எடுப்பது நல்ல காரியம். அதற்கென்றே சிறுகனிம விதிகளில் இடமும் உண்டு: விவசாயத்துக்கு நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சை ஏக்கருக்கு 90 கன மீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். 3 யூனிட் டிப்பரில் ஏற்றினால் ஒரு ஏக்கர் நஞ்சைக்குப் போக வேண்டியது சுமார் 9 லோடு. இந்தக் கணக்கு தெரிந்தால் போதும், இரண்டு ஏக்கர் காரரின் பெயரில் வாங்கிய அனுமதியில் இரவு பகலாக டிப்பர் ஓடினால் அது எங்கே போகிறது என்று கேட்க முடியும். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் கரையில் உட்கார்ந்து லோடு எண்ணினால் போதும். அதைவிட நல்ல கண்காணிப்புக் கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. வண்டி எண், தேதி, நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். வெறும் 'நிறைய வண்டி ஓடுது' என்ற புகார் தாசில்தார் மேசையைத் தாண்டாது.

அளவை மீறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் மதகைப் போய்ப் பார்க்க வேண்டும். மதகின் அடிமட்டத்துக்கு ஒரு கல் பதித்திருப்பார்கள். ஏரியின் தரை அதைவிடச் சற்று மேலே இருக்கும் வரைக்கும்தான் கடைசிச் சொட்டுத் தண்ணீரும் வாய்க்காலில் இறங்கும். தரையை அந்தக் கல்லுக்குக் கீழே 6 அடி தோண்டினால், அந்த 6 அடித் தண்ணீர் பள்ளத்தில் நிற்குமே தவிர மதகு ஏறாது. ஏரி நிறைந்திருக்கிறது என்று படம் வரும், கடைமடை காய்ந்து கிடக்கும். இன்னும் கெட்டது, அடியில் இருக்கும் களிமண் படலத்தை வெட்டி மணல் தெரியுமளவு போய்விடுவது. பிறகு அந்த இடத்தில் தண்ணீர் தங்காது. கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டினால் அடுத்த பெருமழைக்குக் கரை சரியும். இப்படி இரண்டு மூன்று பருவம் கடைமடைக்குத் தண்ணீர் போகாவிட்டால், அடங்கலில் 'தரிசு' என்று எழுதுவதற்குப் பொய் சொல்லவே தேவையில்லை.

வீட்டுமனை போடுகிறவர் செய்வதும் இதே வேலைதான், கொஞ்சம் நாசூக்காக. நீர்வரத்து வாய்க்காலின் குறுக்கே சாலை போட்டு, அதில் ஒரு அடிக் குழாய் ஒன்றைப் புதைத்து, வாய்க்காலை மறிக்கவில்லை என்பார். 10 அடி அகலத்தில் வந்த வெள்ளம் ஒரு அடிக் குழாயில் எப்படிப் போகும்? முதல் மழையிலேயே குப்பை அடைக்கும். புலப்படத்தை இணையத்தில் எடுத்து, வாய்க்காலின் அகலம் எவ்வளவு என்று பார்த்து, சர்வேயரைக் கொண்டு அளந்து கல் நட வைப்பது அந்தச் சாலை போடுவதற்கு முன்பு நடக்க வேண்டும். தார் ஊற்றிய பிறகு அதே வேலைக்கு நீதிமன்றம் போக வேண்டியிருக்கும்.

புறம்போக்கு விஷயம் இன்னும் மோசம். பட்டா நிலத்துக்கு அழ ஒருவராவது இருப்பார். மேய்க்கால், களம், ஓடைக்கு யார் அழுவது? எனவே ஓர் ஊரில் முதலில் கரைவது பொது நிலம்தான். ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர், ஊர் நிலம் ஒவ்வொன்றும் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டின் இரண்டு பிரதிகளை வைத்திருக்க வேண்டும் என்பேன்: 1980-களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தையது ஒன்று, இன்றையது ஒன்று. இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டால், 'ஓடை' என்றிருந்தது 'தீர்வை ஏற்படாத தரிசு' (வரி விதிக்கப்படாத அரசு நிலம்) ஆகியிருப்பதும், குளத்தின் ஒரு உட்பிரிவுக்கு எவருடைய பெயரிலோ பட்டா முளைத்திருப்பதும் தெரியும். பழைய பிரதிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போட வேண்டும். 'எங்கள் ஊர் நில விவரம் தருக' என்று எழுதாதீர்கள். புல எண்களைக் குறிப்பிட்டு, பதிவேட்டை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. ஆக்கிரமிப்பாளர் பி-மெமோ ரசீதுகளைக் காட்டி உரிமை கொண்டாடினால் அசர வேண்டாம். அது ஆக்கிரமித்ததற்கான தண்டத் தீர்வை, பத்திரம் ஆகாது. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நில ஆக்கிரமிப்பு எத்தனை காலமாக இருந்தாலும் அதனாலேயே நியாயமாகிவிடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இனி நோட்டீஸ். கையில் வந்ததும் முதலில் படிக்க வேண்டியது எந்தச் சட்டத்தில் வந்திருக்கிறது என்பதை. பலர் 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தைப் படித்துவிட்டு, 'சமூகத் தாக்க மதிப்பீடு எங்கே, பலபோகப் பாசன நிலத்தைத் தொடக் கூடாதே' என்று மனு எழுதுகிறார்கள். அந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது, கடைசி வழியாக மட்டுமே எடுக்கலாம் என்று. ஆனால் தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைக்கு எடுப்பது பெரும்பாலும் மாநிலத்தின் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தில். இழப்பீட்டுக் கணக்கும் மறுவாழ்வு, மீள்குடியமர்வும் தவிர்த்து 2013 சட்டத்தின் மற்றப் பாதுகாப்புகள் அதற்குப் பொருந்தாதபடி விலக்கு உண்டு. 2019-ல் உயர் நீதிமன்றம் அதை அடித்தது, சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டு மீட்டது, 2021-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956-ஆம் ஆண்டுச் சட்டம்: ஆட்சேபனைக்கு 21 நாள், அதுவும் அரசிதழில் வெளியான தேதியிலிருந்து. தபால் உங்கள் வீட்டுக்கு வந்த நாள் கணக்கில் வராது. 2013 சட்டம் என்றால் 60 நாள்.

நோட்டீஸ் யார் பெயரில் வரும்? பட்டாவில் இருக்கும் பெயருக்கு. தாத்தா இறந்து முப்பது வருடமாகியும் பட்டா அவர் பெயரிலேயே கிடந்தால், அரசு தாத்தாவுக்குத்தான் நோட்டீஸ் அனுப்பும். ஆள் இல்லை என்று கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள், நாள் ஓடிக்கொண்டிருக்கும். வாரிசுப் பட்டா மாற்றாமல் விட்டது, கூட்டுப் பட்டாவைப் பிரிக்காமல் விட்டது, குத்தகையைப் பதியாமல் விட்டது, இந்த மூன்றும் சேர்ந்து கைவிட்டுப் போன நிலம் எந்தத் திட்டத்தில் போனதைவிடவும் அதிகம் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆட்சேபனையை ஊரே சேர்ந்து ஒரே நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நம் பழக்கம். ஒரே நகல் என்றால் ஒரே வரியில் தள்ளுபடி செய்வதும் சுலபம். ஒவ்வொரு உட்பிரிவுக்கும் தனி மனு வேண்டும். கிணறு, ஆழ்துளைக் கிணறு, விவசாய மின் இணைப்பு எண், மரங்கள் வகைவாரியாக எத்தனை, எந்த ஏரியின் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு), மூன்று வருட நெல் கொள்முதல் ரசீது, பயிர்க் காப்பீட்டு ரசீது, நிலத்தின் குறுக்கே போகும் வாய்க்கால் அடைபட்டால் யார் யார் வயல் காயும் என்ற விவரம். இத்தனையும் இருந்தால் அதிகாரி ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியாக வேண்டும். எழுதாமல் விட்டால் அதுவே வழக்கில் நமக்குப் பிடி. நேரில் கொடுத்தால் தேதி முத்திரையிட்ட ஒப்புகை, இல்லாவிட்டால் பதிவுடன் கூடிய விரைவுத் தபால். சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்ய மறுத்தது. ஆனால் நிலத்தை எடுத்து முடிப்பதற்கு முன்பே வருவாய்ப் பதிவேடுகளில் பெயர் மாற்றியதைத் தவறு என்று நீக்கச் சொன்னது. அப்படிப்பட்ட பெயர் மாற்றத்தைக் கண்டுபிடிக்க, பட்டாவைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும்.

கிராம சபைத் தீர்மானம் ஒரு திட்டத்தைச் சட்டப்படி நிறுத்திவிடாது. பரந்தூர் திட்டத்துக்குள் வரும் ஏகனாபுரம் பத்துக்கும் மேற்பட்ட முறை தீர்மானம் போட்டிருக்கிறது, விமான நிலையத் திட்டம் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படியானால் எதற்கு? 'மக்கள் எதிர்ப்பு இல்லை' என்று கோப்பில் எழுத விடாமல் செய்வதற்கு. அதற்குத் தீர்மானம் ஒழுங்காக இருக்க வேண்டும். ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். புல எண்களும் பரப்பும் தீர்மானத்திலேயே வர வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்து, அடியில் கோடு போட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் வருகைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்வது பழைய தந்திரம்.

காகிதம் எவ்வளவு தூரம் காக்கும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை விட நல்ல உதாரணம் இல்லை. 2022-ல் அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, சுமார் 193 ஹெக்டேர். 2024-ல் டங்ஸ்டனுக்கு ஏலம் விட்ட பரப்பு சுமார் 2,015 ஹெக்டேர். எதிர்ப்புக் கிளம்பியதும் டிசம்பரில் ஒன்றிய அரசு சொன்னது என்ன? அந்த 193-ஐ விட்டுவிட்டு எல்லையை மறுபடி வரையப் பார்க்கிறோம் என்று. பதிவில் இருந்த நிலம் அதிலேயே தப்பிவிட்டது. மீதிக்கு மேலூர்ப் பக்கத்து மக்கள் மதுரைக்கு நடக்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரி 23-ல் ஏலம் முழுவதும் ரத்தானது. டெல்டாவின் 2020 வேளாண் மண்டலச் சட்டத்தையும் இப்படித்தான் படிக்க வேண்டும். புது எண்ணெய்க் கிணறு கூடாது என்கிறது, சரி. ஏற்கெனவே ஓடும் கிணறுகள், குழாய், சாலை, துறைமுகம் எல்லாவற்றுக்கும் அதிலேயே விலக்கு எழுதியிருக்கிறது. திருச்சி, அரியலூர், கரூர் பட்டியலிலேயே இல்லை.

அடங்கலைத் திருத்த நேரம் எது என்று கேட்டால், பசலி முடிவதற்கு முன், கிராமக் கணக்குகளை வருடத்துக்கொரு முறை சரிபார்க்கும் ஜமாபந்தியில். வழக்கமாக மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் நடக்கும், உங்கள் குறுவட்டத்துக்கு எந்த நாள் என்று முன்பே அறிவிப்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு உங்கள் புல எண்களின் மின்னடங்கலை எடுத்துப் பாருங்கள். தவறு இருந்தால் மனுவில் பசலி எண், புல எண், உட்பிரிவு, கணக்கில் இருப்பது, வயலில் இருந்தது, அதற்கான கொள்முதல் ரசீது நகல், வயலின் படம். மனு எண் வாங்காமல் வெளியே வராதீர்கள்.