சந்தா கட்டி நெருப்பணைக்கும் மனிதர்கள்

சிலி நாட்டில் தீயணைப்பு வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. வண்டி ஓட்டுநர் போன்ற சிலரைத் தவிர, தலைநகர் சாந்தியாகோவிலும் சரி, தெற்குக் கோடியில் இருக்கும் சிற்றூரிலும் சரி, சைரன் கேட்டு ஓடி வருபவர்கள் எல்லோரும் தொண்டர்கள். மாணவர், தச்சர், வங்கி ஊழியர் என யாராகவும் இருக்கலாம். அது மட்டுமில்லை, படையில் இருப்பதற்காக மாதாமாதம் சந்தாவும் கட்டுகிறார்கள். நாடு முழுக்க 50,000 பேருக்கு மேல் இப்படி!

இதைச் சொன்னால் பலருக்கும் கோபம் வருகிறது. அரசாங்கம் தன் பொறுப்பை மக்கள் தலையில் கட்டிவிட்டது என்கிறார்கள். அந்தக் கோபத்தில் பாதிதான் நியாயம் என்று நினைக்கிறேன். சாந்தியாகோவின் படை பிறந்த கதையைப் படித்தால் ஏன் என்று புரியும்.

1863 டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாள். லா கொம்பானியா தேவாலயத்தில் மாலை வழிபாட்டுக்குக் கூட்டம் நிரம்பி வழிந்தது. எங்கு பார்த்தாலும் விளக்குகள், துணி அலங்காரங்கள். தீப்பிடித்ததும் வாசலில் நெரிசல். ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். அந்தத் தீயை எதிர்கொள்ளத்தக்க படை நகரத்தில் இல்லை.

மூன்றே நாளில் ஹோசே லூயிஸ் கிளாரோ என்பவர் 'எல் ஃபெரோகாரில்' நாளிதழில் ஒரு சிறு அறிவிப்புக் கொடுத்தார். தீயணைப்புக் கம்பெனி (வணிக நிறுவனமல்ல, தொண்டர் அணி) தொடங்க விரும்பும் இளைஞர்கள் 14ஆம் தேதி பகல் ஒரு மணிக்கு வாருங்கள் என்பதுதான் செய்தி. நிதி கேட்கவில்லை, யாருக்கும் மனு எழுதவில்லை. வந்தார்கள். 20ஆம் தேதி படை உருவாகிவிட்டது. கிழக்குக்கு ஒரு கம்பெனி, தெற்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று, எரியும் வீட்டுச் சாமான்களைக் காக்கத் தனியாக ஒன்று. ஊரே சாவு வீடாகக் கிடந்த நேரத்தில் உட்கார்ந்து இப்படி வேலையைப் பிரித்துக்கொண்டார்களே, அதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

துறைமுக நகரமான வால்பராய்சோ இன்னும் முந்தியது. அங்கே 1850 டிசம்பரில் பெரும் தீ, அடுத்த ஆண்டே தொண்டர் படை. குடியேறிய ஜெர்மானியர்கள் 'ஜெர்மானியா' என்று தங்களுக்கென ஒரு கம்பெனி அமைத்தார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள், இத்தாலியர்கள். பிழைக்க வந்த ஊரைத் தன் ஊராக ஆக்கிக்கொள்ள இதைவிட நல்ல வழி இருந்திருக்காது.

சந்தாவை நான் இப்படித்தான் பார்க்கிறேன். பணம் கட்டுபவருக்குக் கம்பெனி சொந்தம். தலைவரை அவர்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதை யாரும் பறிக்கக் கூடாது.

ஆனால் அரசு உதவி போதாமல், செலவுக்காகத் தெருவில் உண்டியல் ஏந்தவும் வேண்டியிருக்கிறதே, அங்கேதான் எனக்கும் கோபம் வருகிறது. 2024 பிப்ரவரியில் வால்பராய்சோ வட்டாரக் காட்டுத்தீயில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படிப்பட்ட தீக்குள் போகிறவர் உயிரைத் தருகிறார், உறக்கத்தைத் தருகிறார். வண்டி, டீசல், பாதுகாப்பு உடை, காயம்பட்டால் சிகிச்சை, இந்த நான்குக்கும் முழுச் செலவையும் அரசு ஏற்க வேண்டும். கம்பெனியை நடத்துவதை அவர்களிடமே விட்டுவிடலாம்.