கபடிப் பெண்களுக்கு ரக்பி பந்தையும் கொடுங்கள்

அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி செவன்ஸில் இந்தியப் பெண்கள் அணி 2022-ல் ஜகார்த்தாவில் வெள்ளி வென்றதை ஒரு கட்டுரையில் படித்தபோது மனசு நிறைந்துவிட்டது. ஆட்டத்தின் ஒரு பாதிக்கு ஏழே நிமிடம்தான், ஆனால் முழு மைதானத்தையும் ஏழு பேர் காக்க வேண்டும். ஒருத்தி தடுமாறினால் எதிரணிக்கு வழி திறந்துவிடும். வேகம், வலு இரண்டும் இல்லாமல் முடியாது.

வலுவுக்கு எங்கள் வேலூரில் பஞ்சமா? காமன்வெல்த் போட்டிகளில் 2014, 2018 என இருமுறை பளுதூக்கித் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர். கபடியில் காலைப் பிடித்து மடக்கும் பெண்ணுக்கு, பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் ரக்பி டேக்கிள் சீக்கிரம் பழகிவிடும். ஒடிசா, பீகார் பெண்கள் இந்திய அணிக்கே போய்விட்டார்கள். காட்பாடி, குடியாத்தம் பள்ளிகளுக்கும் பந்தோடு ஒரு நல்ல பயிற்சியாளரை அனுப்புங்கள், ப்ளீஸ்.