1947க்கு முன்னாலேயே காங்கிரஸில் ஊழல் புகார் இருந்தது
நம்ம ராயபுரம் குழுவில் அண்ணன் ஒருத்தர் போட்டிருக்கிறார்: "47க்கு முன்னால் காங்கிரஸில் ஊழலே கிடையாது. உள்ளே இருந்துகொண்டு கணக்குக் கேட்ட பசங்க எல்லாம் வெள்ளைக்காரனின் கைக்கூலிகள்." இரண்டுமே தவறு அண்ணே.

1937இல் சென்னை உட்படப் பல மாகாணங்களில் காங்கிரஸ் மந்திரிசபை வந்ததும், பதவி ஆசையில் ஆட்கள் குவிந்தார்கள். உறுப்பினர் சந்தா நாலணாதான். உட்கட்சித் தேர்தலில் ஓட்டு வேண்டியவர், ஊர்ப்பட்ட பெயர்களை எழுதி, எல்லோருக்கும் தானே நாலணா கட்டி ரசீது போட்டுக்கொண்டார். போலி உறுப்பினர்! பெரம்பூர் மில் காலத்திலிருந்து தொழிற்சங்கச் சந்தா ரசீது பார்த்த நம்ம ஏரியாவுக்கு இது புரியாதா என்ன?

இதைக் கடுமையாகச் சாடியவர் காந்தியே. இந்த ஊழலைச் சகிப்பதைவிடக் காங்கிரஸையே கௌரவமாக அடக்கம் செய்துவிடலாம் என்று 1939இல் சொன்னார். அவரும் கைக்கூலியா?

அப்புறம், 1934இல் காங்கிரஸுக்குள்ளேயே சோஷலிஸ்ட் கட்சி தொடங்கிய ஜெயப்பிரகாஷ் நாராயண் போன்ற இளைஞர்களும் மந்திரிசபைகளை விமர்சித்தார்கள். அவர்களின் சண்டை பெரும்பாலும் கொள்கை பற்றியது, காசு பற்றியதல்ல. ஆனால் 1942இல் ஜெயிலிலிருந்து தப்பி, வெள்ளைக்காரனை எதிர்த்துத் தலைமறைவாகப் போராடியவரும் அதே ஜெயப்பிரகாஷ்தான். அவர் எப்படிக் கைக்கூலி ஆவார்?