அவர் ஊரில் போய் செட்டில் ஆகலாமா?

2021இல் பேங்க்கில் ரிட்டயர் ஆனேன். மாலை போட்டு, வெள்ளி விளக்கு கொடுத்து, போண்டா சாப்பிட்டு முடித்ததும் பிராஞ்சில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான். "இனிமே சார் ஊர்லயே போய் செட்டில் ஆகிடுவீங்களா மேடம்?"

சார் என்றால் என் கணவர். அவர் ஊர் இலங்கையில், யாழ்ப்பாணப் பக்கம் பருத்தித்துறை. என் ஊர் வேதாரண்யம். கோடியக்கரையில் நின்றால் தென்கிழக்கே, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் அவர் ஊர் இருக்கிறது. ரெண்டு பக்கமும் தமிழ், ரெண்டு பக்கமும் உப்புக்காற்று, அப்புறம் என்ன என்பார்கள். அந்த "அப்புறம் என்ன"வுக்குத்தான் இந்தப் பதிவு. நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து படியுங்கள்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் ஊருக்குப் பலமுறை போயிருக்கிறேன். எல்லாம் பத்து நாள், பதினைந்து நாள். நண்டுக்கறி, பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ், இடியப்பத்துக்குச் சொதி, திரும்பும்போது பை நிறையப் பருத்தித்துறை வடை. பதினைந்து நாளுக்கு எந்த ஊரும் சொர்க்கம்தான். "ஆறுதலா வாங்கோ" என்று மச்சாள் (நம் ஊர் நாத்தனார் முறை) சொன்னால், யார் செத்தார்கள் என்று பதறிய காலமும் உண்டு. அங்கே அதற்கு அர்த்தம் மெதுவாக வாங்க என்பது. இதெல்லாம் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ளலாம்.

2022 பிப்ரவரியில் போனது விருந்துக்கு அல்ல. இருந்து பார்ப்போம், பிடித்தால் அங்கேயே என்று போனோம். ஏழு மாதம் இருந்தேன். எந்த வருஷம் என்று கவனியுங்கள், இலங்கையில் பொருளாதாரம் விழுந்த வருஷம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. கேஸ் இல்லை, பெட்ரோலுக்கு வரிசை, படகுக்காரர்களுக்கு மண்ணெண்ணெய் இல்லை. நான் கொண்டுபோன பிரஷர் மாத்திரை தீர்ந்தபோது அதே மாத்திரை எந்த பார்மசியிலும் கிடைக்கவில்லை. பனைமட்டையில் அடுப்பு எரிக்க அறுபது வயதில் கற்றுக்கொண்டேன். இலங்கை ரூபாயில் 200க்குப் பக்கத்தில் இருந்த டாலர் 360ஐத் தாண்டியது. என் இந்தியப் பென்ஷன் அங்கே திடீரென்று பெருத்துவிட்டது. பக்கத்து வீட்டில் பாணுக்கே, அதாவது பிரெட்டுக்கே, கணக்குப் பார்க்கும்போது கடையில் கை நிறைய வாங்கவே கூச்சமாக இருந்தது.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது இந்தக் கஷ்டம் இல்லை. கஷ்டம் ஊருக்கே பொது.

அவர் ஊருக்குப் போனதும் இருபது வயதாகிவிட்டார். லுங்கி போய் சாரம் வந்தது. சைக்கிள் எடுத்தார். காலையில் வாசிகசாலைக்குப் போனால் பத்திரிகை படித்துவிட்டு, பள்ளிக்கூடச் சிநேகிதர்களோடு கதைத்துவிட்டுப் பதினோரு மணிக்குத்தான் வருவார். எந்தக் கடையில் எது, யார் யாருக்கு என்ன முறை, யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். நான் குழந்தையாகிவிட்டேன். துடைப்பம் கேட்டால் கடைக்காரருக்கு ஒரு விநாடி யோசனை, தும்புத்தடியா விளக்குமாறா என்று. முப்பத்தைந்து வருஷம் கவுண்டரில் உட்கார்ந்து ஊர்ப் பணத்தை எண்ணியவள், ஒரு கிலோ குத்தரிசிக்கு "இவர் வரட்டும்" என்று காத்திருந்தேன். வீட்டில் ஒருத்தருக்கு வயது குறையும்போது இன்னொருத்தருக்கும் குறைகிறது, ஆனால் அது வேறு விதமான குறைவு. அவருக்கு இது தெரியவே இல்லை. சந்தோஷமாக இருப்பவரிடம் எப்படிச் சொல்வது?

அப்புறம் நான் நானாக இல்லை, ஒரு மாநிலமாகிவிட்டேன். மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் வந்தபோது, நானே மூட்டை தூக்கி வந்த மாதிரி தெருவில் நன்றி சொன்னார்கள். இன்னொரு வாரம் நம் பக்கத்து இழுவைமடிப் படகுகள் (டிராலர்கள்) வந்து அங்கே ஒருவரின் வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டன. "உங்கட ஆக்கள் செய்த வேலையைப் பாருங்கோ" என்றார் மீன் கொண்டுவருபவர். இழுவைமடியை இலங்கை 2017இலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. நம் பக்கம் நிற்கவில்லை. எனக்குச் சொல்லப் பதில் இல்லை. என் சித்தப்பா மகனும் கடலுக்குப் போகிறவன்தான் என்பதை அவரிடம் சொல்லவும் இல்லை.

ஒரு சாயங்காலம் வயதான ஒரு அம்மா பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார். "இந்தியன் ஆமி வந்த நேரம்..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து, "தேத்தண்ணி குடியுங்கோ பிள்ளை" என்று முடித்துவிட்டார். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்திய ராணுவம் புகுந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் சுட்டுக் கொன்றது எனக்குத் தெரியும், என் கணவர் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. மரியாதைக்காகக் கதையை விழுங்கினார் பாருங்கள், அப்போதுதான் புரிந்தது, இந்த வீட்டில் நான் இன்னும் விருந்தாளி.

வீடு என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பார். நான் கொண்டுபோனது ஒரு டிரங்குப் பெட்டியும் பதினெட்டு பவுனும். ஆக நாங்கள் இருந்தது கனடாவில் இருக்கும் மச்சாளின் சீதன வீட்டில். மச்சாள் தங்கமானவர், "உங்கட வீடு மாதிரி இருங்கோ" என்பார். அந்த "மாதிரி"யில் ஆணி அடிப்பதற்குக்கூட யோசித்தோம்.

சரி, காணி வாங்கலாம் என்றால், 2014 சட்டப்படி வெளிநாட்டுக்காரர் அங்கே நிலம் வாங்க முடியாது. அவர் பெயரில் மட்டும்தான் வாங்கலாம். அவருக்குப் பிறகு வாரிசாக எனக்கு வரலாம் என்று வக்கீல் சொன்னார். நல்லது. ஆனால் நான் அங்கே தங்குவது எதன் பேரில்? முதலில் முப்பது நாள் டூரிஸ்ட் விசா, பிறகு நீட்டிப்பு, பிறகு மனைவி என்ற முறையில் விசா. ஒவ்வொரு தடவையும் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், இவள் என் மனைவி என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடுகிறவரே இல்லாமல் போனால்? வீடு என் பெயருக்கு வரும், அதில் இருக்கும் உரிமைக்கு நான் வேறு வாசலில் போய் நிற்க வேண்டும்.

இதை ஒரு ராத்திரி, கரண்ட் இல்லாத நேரத்தில், விசிறிக்கொண்டே கேட்டேன். "நீங்க முதல்ல போயிட்டா இங்க நான் யாரு?"

"நீர் சும்மா விசர்க்கதை கதையாதையும்" என்றார், பைத்தியக்காரப் பேச்சு பேசாதே என்று. அவ்வளவுதான். ஆனால் அன்று இரவு அவரும் தூங்கவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும், இதே கதை இந்தப் பக்கம் அவருக்கும் நடந்திருக்கிறது. சென்னையில் "சிலோன்காரரா" என்று கேட்டுவிட்டு வீட்டுச் சொந்தக்காரர் வாடகைக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறார். போலீஸ் பதிவு, விசா புதுப்பிப்பு, வரிசை எல்லாம் பார்த்திருக்கிறார். அத்தனை வருஷம் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. அவர் ஊரில் ஏழு மாதம் இருந்த பிறகுதான் அந்த மௌனம் எனக்குக் கேட்டது. ரொம்ப லேட்.

என் கருத்து இதுதான், பிடிக்காதவர்கள் திட்டலாம். துணையின் நாட்டில் நீண்ட நாள் போய் இருங்கள். கட்டாயம் இருங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் முழுசாக இருந்தால்தான் கட்டியவரையே முழுசாகத் தெரியும். ஆனால் இங்கிருக்கும் வீட்டை விற்றுவிட்டு "அவர் ஊர்தானே, பேச்சும் தமிழ்தானே" என்று கிளம்பாதீர்கள். அது யாருடைய ஊரோ அவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நான் போன பிறகு இவள் எந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு இங்கே இருப்பாள், என் வழியாக இல்லாமல் இவளுக்கென்று நாலு பேர் இந்த ஊரில் உண்டா? கொஞ்சம் வாடகை செலவானாலும் சொந்தக்காரர் வீட்டில் தங்காதீர்கள். கடைசியில் சொன்னதற்கு எனக்கும் அவருக்கும் இன்னும் சண்டை நடக்கிறது.

இப்போது எங்கள் ஏற்பாடு பாதி பாதி. நவம்பரில் நான் உயிரோடு இருக்கிறேன் என்று பேங்க்குக்கு லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும், அதனால் அந்த மாதம் எப்படியும் இங்கே. மழைக்காலத்தில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் ஓடாது. 2023 அக்டோபரில் ஆரம்பித்து, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். ஏறினால் நாலு மணி நேரம். முன்னெல்லாம் சென்னை, கொழும்பு என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தோம்.

போன தடவை வாசிகசாலைக்குப் பின்னால் பெண்கள் தையல் பழகும் இடம் ஒன்றைக் கண்டுபிடித்தேன், அவருக்குத் தெரியாமல். வாரத்தில் மூன்று நாள் போனேன். அங்கே எனக்குப் பெயர் "வேதாரணியம் அக்கா". இவர் ஒருநாள் தேடி வந்தபோது, "ஆர், அக்காவின்ர அவரோ?" என்று கேட்டார்கள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வரும் நேரத்துக்கு மறுபடி போகிறோம். ரிட்டர்ன் டிக்கெட்டும் சேர்த்தே போட்டிருக்கிறேன்.