மூக்குத்தி மட்டும் வெள்ளைப் புள்ளி

போட்டோவை நாலு கட்டமாகப் பிரித்து, பச்சை, பிங்க் என ஃபில்டரைத் தட்டினால் பாப் ஆர்ட் (விளம்பரம், சினிமா மாதிரி எல்லோரும் பார்க்கும் படங்களை ஓவியமாக்கும் பாணி) தயார் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். விஸ்காம் படிக்கும் என் மகளும் அப்படித்தான் ஆரம்பித்தாள். மாடல் அவள் பாட்டி. வந்தது என்னவோ சலூன் போஸ்டர்தான்.

அப்புறம் அமெரிக்க பாப் ஆர்ட் ஓவியர் ஆண்டி வார்ஹோல், நடிகை மர்லின் மன்றோவை வைத்துச் செய்த 'மர்லின் டிப்டிக்' பற்றித் தேடிப் படித்தாள். ஒரு பாதி வண்ணம், மறு பாதி கறுப்பு வெள்ளை. 1962இல் செய்தது. ஒரே ஒரு விளம்பரப் புகைப்படத்தை 50 முறை சில்க் ஸ்கிரீனில், அதாவது மெல்லிய துணித் திரை வழியாக மையைத் தள்ளி, அச்சடித்திருக்கிறார். வண்ணப் பாதியில் முதலில் நிறங்களைப் பூசிவிட்டு, அதன் மேல்தான் கறுப்பு மை. அதனால்தான் சிவப்பு உதட்டுக் கோட்டுக்குள் அடங்காமல் நிற்கிறது. நம்மூர் மஞ்சப்பையில் மணமக்கள் பெயர் விழுவதும் இதே ஸ்கிரீன் முறையில்தான்!

அதையே போட்டோஷாப்பில் செய்து பார்த்தாள். த்ரெஷோல்டில் படத்தை வெறும் கறுப்பு வெள்ளையாக்கி, மல்டிப்ளை லேயராக (வெள்ளை மறைந்து கறுப்பு மட்டும் தெரியும் அடுக்கு) மேலே வைத்து, அடியில் நிறங்களைக் கையால் தீட்டினாள். முதலில் ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் சுருக்கமெல்லாம் காணாமல் போய்விட்டது. மறுபடி பாட்டியை ஜன்னலோரம் உட்காரவைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தாள். கன்னம் பாதி இருட்டு, மூக்குத்தி மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி. கடைசியாக, வார்ஹோல் படம் போலவே நிறம் கோட்டைத் தாண்டி நிற்கட்டும் என்று கறுப்பு லேயரைக் கொஞ்சமே கொஞ்சம் நகர்த்தினாள். சரியாக உட்கார்ந்துவிட்டது.

பாட்டிக்குத்தான் திருப்தி இல்லை. "மூஞ்சியில எதுக்குடி பச்சை?" என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.