கோலை ஏன் கை மாற்ற வேண்டும்?

ஃப்ளை மீன்பிடிப்பில் (பூச்சி போன்ற செயற்கை இரையை வீசிப் பிடிப்பது) கோலை வலக்கையால் வீசுபவர் ரீலையும் (லைன் எனும் தூண்டில் கயிற்றைச் சுற்றும் கருவி) வலக்கையாலேயே சுற்ற வேண்டும் என்று நான் படித்த கட்டுரை ஒன்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மீன் சிக்கிய அந்த நொடியில் கோலை இடக்கைக்கு மாற்றினால் லைன் தளரும், முள் கழன்றுவிடும். நல்ல ட்ரவுட் மீன்களை இப்படி இழந்து நொந்த பிறகுதான் இடக்கையால் சுற்றப் பழகினேன். சில வாரங்கள் கை தடுமாறியது, அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. பெரும்பாலான ஃப்ளை ரீல்களில் கைப்பிடி ஒரு சுற்றுக்கு லைன் சுற்றியிருக்கும் உருளையும் ஒரே சுற்றுதான்; வேகம் முழுக்க நம் கையைப் பொறுத்தது. கடலில் போன்ஃபிஷ் என்ற மீன் 100 மீட்டர் வரை ஓடிவிட்டுச் சட்டென்று நம்மை நோக்கித் திரும்பினால் வேகமான கை, அதாவது பழகிய வலக்கை, வேண்டும்தான். ஆனால் சிற்றோடையில்? அங்கே பெரும்பாலும் லைனைக் கையால் இழுத்தே மீனைக் கரை சேர்க்கிறோம்.

ரீல் சுற்றும் கையை மாற்ற விரும்புவோர் கவனிக்க: பல ரீல்களில் உள்ளிருக்கும் ஒருவழி பேரிங்கைத் திருப்பிப் போட்டால் சுற்றும் திசை மாறும். அதன்பின் லைனுக்கு அடியில் சுற்றியிருக்கும் பேக்கிங் எனும் கூடுதல் நூல் உட்பட அனைத்தையும் கழற்றி, எதிர்த்திசையில் சுற்றியே ஆக வேண்டும். கட்டுரையில் இதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை.