விசா முடியும் திகதியைப் பார்த்தபடி வாழும் வீடுகள்

அவுஸ்திரேலியாவுக்குப் படகில் வந்த தமிழ்க் குடும்பங்களின் வீடுகளில் ஃபிரிட்ஜ் கதவைக் கவனித்திருக்கிறீர்களா? பிள்ளைகளின் பள்ளிக்கூட நாட்காட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டியிருக்கும். அதில் ஒரு திகதியைச் சுற்றி வட்டம். வழக்கு முடியும்வரை தற்காலிகமாகத் தங்கக் கொடுக்கும் பிரிஜ்ஜிங் விசா (bridging visa) முடிகிற நாள் அது. மூன்று மாதம், ஆறு மாதம் என்று புதுப்பித்துப் புதுப்பித்தே சில குடும்பங்கள் பத்து வருஷத்தைத் தாண்டிவிட்டன.

"பிடிச்சு அனுப்பிப்போடுவாங்கள்" என்ற பயத்தைப் பற்றிப் பேசும்போது விமானநிலையமும் கைவிலங்கும்தான் நமக்கு நினைவில் வருகின்றன. அந்த வீடுகளில் பயம் இந்தத் திகதிக்குள்தான் இருக்கிறது.

2012 ஆகஸ்ட் 13 முதல் 2013 முடிவுவரை படகில் வந்தவர்களை 2014 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், அகதி விண்ணப்பங்களை விரைவாக முடிக்கும் 'ஃபாஸ்ட் ட்ராக்' முறைக்குள் தள்ளியது. விண்ணப்பத்தை நிராகரித்தால் மேல்முறையீட்டு அமைப்பு காகிதத்தை மட்டும் பார்த்தது. பெரும்பாலும் ஆளைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை, புதிய ஆதாரத்தையும் லேசில் ஏற்கவில்லை. அந்த அமைப்பே சரியில்லை என்று 2024இல் இழுத்து மூடினார்கள். ஆனால் அது கொடுத்த நிராகரிப்புகள் அப்படியே இருக்கின்றன. 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசாக்காரர்களுக்கு, ஏறத்தாழ 19,000 பேருக்கு, நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றார்கள். அந்த வருஷம் 22 அகதிப் பெண்கள் மெல்பேர்னிலிருந்து கான்பராவுக்கு 640 கிலோமீற்றர் நடந்தது இதற்காகத்தான். 12 வயதில் வந்து, 23 வயதுவரை பிரிஜ்ஜிங் விசாவிலேயே இருந்த ஒரு தமிழ்ப் பிள்ளை 2024 ஆகஸ்டில் தன் உயிரை மாய்த்துக்கொண்டதும் இதனால்தான் என்று நான் நம்புகிறேன்.

விசா ஒரு நாள் விடுபட்டால் என்ன நடக்கும்? முதலாளி விசா நிலையை இணையத்தில் பார்ப்பார், செல்லுபடியாகும் விசா இல்லை என்று வரும், அடுத்த ஷிப்ட் கிடையாது. அரச மருத்துவக் காப்பான மெடிகேர் அட்டையின் ஆயுளும் விசாவோடு கட்டப்பட்டது. இதைவிடப் பெரிய சிக்கல் குடிவரவுச் சட்டத்தின் 189ஆம் பிரிவு. விசா இல்லாதவரைத் தடுத்து வைக்கவேண்டும் என்பது அதிகாரிக்குக் கட்டாயம். ஒரு நாள் விடுபட்டவருக்கும் ஒரு வருஷம் விடுபட்டவருக்கும் சட்டத்தில் வேறுபாடு இல்லை.

குயின்ஸ்லாந்தின் சிற்றூரான பிலோயலாவில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு நடந்தது இதுதான். விசா முடிந்த மறுநாள், 2018 மார்ச் 5 விடியற்காலை, கதவைத் தட்டினார்கள். சாமான் கட்டப் பத்து நிமிஷம். அவுஸ்திரேலியாவிலேயே பிறந்த இரண்டு பெண் குழந்தைகளோடு மெல்பேர்ன், டார்வின், கிறிஸ்மஸ் தீவு என்று நான்கு வருஷம் அலைக்கழித்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்த ஒவ்வொரு வீட்டிலும் விடிய ஐந்து மணிக்கு வாசலில் கார் நின்றால் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது.

பயம் செய்கிற பெரிய கேடு ஒன்று உண்டு. இருக்கிற உரிமையையும் அது கேட்க விடாது.

அவுஸ்திரேலியாவில் பிறந்த பிள்ளை முதல் பத்து வருஷமும் அங்கேயே வாழ்ந்தால், பத்தாவது பிறந்தநாளில் சட்டப்படி தானாகவே குடியுரிமை பெறுகிறது. பெற்றோரின் விசா என்னவாக இருந்தாலும் சரி. அதற்கான அத்தாட்சிப் பத்திரத்துக்கு மட்டும் விண்ணப்பிக்கவேண்டும். பிறப்புப் பத்திரம், தடுப்பூசிப் பதிவு, நியூ சவுத் வேல்ஸ் என்றால் குழந்தையின் சுகாதாரப் பதிவான 'நீலப் புத்தகம்', பாலர் வகுப்பிலிருந்து பள்ளிக்கூட அறிக்கைகள், இவைதான் அங்கே வாழ்ந்ததற்கான ஆதாரம். வருஷத்துக்கு இரண்டு ஆதாரமாவது இருந்தால் நல்லது. வீடு மாறும்போது இவற்றை எறிந்துவிட்டுப் பிறகு தவிக்கிறவர்கள் நிறைய. அதைவிட அதிகம், "விண்ணப்பித்தால் எங்கட கேஸைத் தோண்டுவாங்கள்" என்று பேசாமல் இருக்கிறவர்கள். அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பத்திரம் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் அரச கடன் கிடைக்காது, வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான் கேட்பார்கள். படகில் வந்த மூத்த பிள்ளைக்கு ஏற்கெனவே அந்த நிலைதான். இளையதுக்கும் அதைக் கொடுக்கத் தேவையில்லை.

பொலிஸைக் கூப்பிடுவதும் அப்படித்தான். பிரிஜ்ஜிங் விசாவில் இருப்பவர் மேல் குற்றச்சாட்டுப் பதிவானாலே, தீர்ப்பு வரும் முன்பே, விசாவை ரத்துச் செய்யலாம். அதனால் வீட்டில் அடிவாங்கும் பெண் அழைப்பதில்லை. கணவரின் விசா போனால் குடும்பமே போய்விடும் என்று கணக்குப் போடுகிறார். வேலையிடத்தில் கூலி குறைத்தாலும் வாய் திறப்பதில்லை. நம்முடைய ஆட்களே சிலர் கடை வேலைக்கு வைத்துக்கொண்டு "விசா இல்லாத உனக்கு இதுவே பெரிசு" என்கிறார்கள். 2024 யூலை 1 முதல், விசா நிலையைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவது குற்றம். விசா எதுவானாலும் குறைந்தபட்சக் கூலி உரிமை உண்டு. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

மேல்முறையீட்டிலும் நிராகரித்தால், அந்த முடிவின் திகதியிலிருந்து நீதிமன்றம் போக 35 நாள்தான். பலருக்குப் பிழை நடப்பது இங்கேதான். கடிதம் மின்னஞ்சலில் வந்தால், திறந்தாலும் திறக்காவிட்டாலும், அன்றே கிடைத்ததாகத்தான் கணக்கு. பழைய முகவரிக்குப் போன கடிதமும் கிடைத்த கடிதம்தான். வீடு மாறினால், தொலைபேசி மாறினால், குடிவரவுத் துறைக்கும் சட்டத்தரணிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். விசா முடிய ஒரு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பித்து, விண்ணப்பித்ததற்கான தாளை அச்சடித்து வையுங்கள். பதிவுபெற்ற முகவருக்கு ஏழு இலக்கப் பதிவு எண் இருக்கும். அதுவும் இல்லாமல், சட்டத்தரணியாகவும் இல்லாதவரிடம் காசு கொடுக்காதீர்கள். சொந்தக் கோப்பைத் துறையிடம் கேட்டுப் பெறக் கட்டணம் இல்லை.

கடிதத்தை மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை "உங்களை இந்த நாட்டை விட்டு..." என்று தாய்க்கு மொழிபெயர்க்கக் கூடாது. 131 450 இல் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார்.

2024 நவம்பரில் வந்த சட்டத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் இன்னும் பீதி கிளப்புகிறார்கள். வெளியேற்றத்துக்கு ஒத்துழைக்க மறுத்தால் 1 முதல் 5 வருஷம் சிறை என்பது உண்மை. எல்லாப் பிரிஜ்ஜிங் விசாக்காரருக்கும் அது பொருந்தாது. நாட்டை விட்டுப் புறப்படும் ஏற்பாட்டுக்காகக் கொடுத்த விசாவா, வழக்கு நிலுவையில் இருப்பதால் கொடுத்த விசாவா என்பதைப் பொறுத்தது. சட்டத்தரணியிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி இது. துறை அலுவலகத்தில் எந்தத் தாளிலும் அன்றே கையெழுத்து வைக்காதீர்கள், வீட்டுக்கு எடுத்துப்போய் ஆலோசனை கேட்க நேரம் கேளுங்கள்.

குடியுரிமை கிடைத்துவிட்ட நாம் இவர்களைப் பொங்கல் விழாவுக்குக் கூப்பிடுகிறோம், மேடைக்கு முன் உட்கார வைக்கிறோம். பிலோயலாக் குடும்பத்துக்காக முதலில் எழுந்தவர்கள் அந்த ஊரின் அயலவர்கள், பெரும்பாலும் தமிழே தெரியாதவர்கள். கையெழுத்து வாங்கினார்கள், எம்பிக்களின் கதவைத் தட்டினார்கள், நான்கு வருஷம் விடவில்லை. 2022 ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. உங்கள் தெருவில் ஒரு குடும்பத்துக்கு அடுத்த கிழமை துறையில் நேர்காணல் இருக்கும். காலையில் காரில் கூட்டிப்போய், அவர்கள் வெளியே வரும்வரை வாசலில் நில்லுங்கள்.